பேர் போடுதல்

(கண்டி நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் நான். வேற்றுமை, ஆகுபெயர், புணர்ச்சி என்று பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் ஏதோ ஒரு விடை சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் அன்று சரியான விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்றைய பேச்சு அந்தக் கடனைத் தீர்ப்பதற்கானது.

சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஒரு மாணவி. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். கையில் ஒரு படிவம். 'இனம்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "சேர், இந்த எடத்துல என்னா எழுதுறது?" என்று கேட்டாள். இந்தியத் தமிழர் என்று ஒரு பெட்டி இருந்தது, இலங்கைத் தமிழர் என்று ஒரு பெட்டி இருந்தது. "நான் இந்தியாவப் பாத்ததே இல்ல சேர். எங்க தாத்தாவும் பாத்ததில்ல" என்றாள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளதைப் பார்த்து எழுதம்மா என்று சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டது வேறு. நான் சொன்னது வேறு.

அன்று மாலை வீட்டுக்குப் போய் என் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 'இந்தியத் தமிழர்' என்றிருந்தது. என் அண்ணனுடையதில் 'இலங்கைத் தமிழர்'. ஒரே அப்பா, ஒரே அம்மா. இருவரும் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்), ஒரே காம்பராவில். இடையில் மாறியது பதிவு செய்த உத்தியோகத்தரின் கை மட்டும்தான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு இனமாக்க ஒரு பேனா போதும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

நான் பேசப்போவது 'மலையகத் தமிழர்' என்ற பெயரைப் பற்றி. இந்தப் பெயரைச் சொன்னவுடன், "சரி, யார் அவர்கள்? வரைவிலக்கணம் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். அமைச்சு அலுவலகங்களில் கேட்கிறார்கள், பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கேட்கிறார்கள், நம்மவர்களே கேட்கிறார்கள். வரைவிலக்கணம் சொல்ல முடியாவிட்டால் பெயரும் செல்லாது என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் முடிவு. அந்த முடிவு தவறு என்பதுதான் என் கட்சி.

முதலில் நாம் நிற்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்டி. சிங்கள மக்கள் இந்த ஊரைக் கண்டி என்று சொல்வதில்லை. மஹநுவர என்பார்கள், சுருக்கமாக நுவர என்பார்கள். 'கந்த உட ரட்ட', அதாவது மலைமேல் நாடு, என்று இராச்சியத்துக்கு இருந்த பெயரில் முதல் துண்டை மட்டும் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்டார்கள். அது நகரத்தின் பெயராகிவிட்டது. கந்த என்றால் மலை. 'மலை' என்ற சொல்தான் அரைகுறையாகக் காதில் விழுந்து ஒரு தலைநகரத்தின் பெயராக நிலைத்தது.

அந்தப் பெயரை நம் மூதாதையர் இன்னும் நீட்டினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்களுக்குக் கண்டி என்றால் தலதா மாளிகையும் வாவியும் உள்ள இந்த நகரம் அல்ல. மாத்தளையும் கண்டிதான், பதுளையும் கண்டிதான், பொகவந்தலாவையும் கண்டிதான். 'கண்டிச் சீமைக்குப் போறோம்' என்றார்கள். எல்லை எது என்று அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. ஆனால் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழருக்கும் இந்த ஊரில் ஒரு பெயர் இருந்தது. கண்டி நகரத்தில் மலபார் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. கண்டியின் கடைசி நான்கு அரசர்கள் நாயக்க வம்சத்தவர்கள். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெரு அது. ஐரோப்பியர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களையும் இங்கிருந்த தமிழரையும் ஒருசேர மலபார் என்றே எழுதிவந்தார்கள். மதுரைத் தொடர்புள்ள, தெலுங்கு பேசிய ஓர் அரச குடும்பத்துக்குக் கேரளக் கரையின் பெயர்! 1815 மார்ச் 2 ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தில் மலபார் இனத்தவருக்கு இந்த அரசுரிமை இனி இல்லை என்று எழுதினார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தார். பெயர் பிழையாக இருக்கலாம், அதன் பேரில் நடப்பது பிழைபோல நடப்பதில்லை. ஆளை நாடு கடத்தும் அளவுக்கு மெய்யாகவே நடக்கும்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பத்து வருடங்களுக்குள் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். 1823 ஐத் தொடக்கமாக வைத்துத்தான் 2023 இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே நடந்தோம். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். எங்கள் ஹேவாஹெட்ட மலைதான் அது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது, வந்த ஆட்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை.

கூலி என்றார்கள்.

இந்தச் சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். கூலி என்பது நம் மொழியில் பழைய சொல், மரியாதையான சொல். செய்த வேலைக்குக் கைமேல் வாங்கும் பணம். கூலி கொடுக்காதவனைத்தான் ஊர் ஏசும், கூலி வாங்குபவனை அல்ல. அந்தச் சொல்லை ஐரோப்பியர் எடுத்து, பணத்தை விட்டுவிட்டு ஆளுக்குச் சூட்டினார்கள். குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். எப்படியானாலும் 'ஊர் சிரித்தது' என்பதில் ஊர் என்ற சொல் ஊராருக்கு ஆகி வருவதுபோல, கூலி என்பது கூலி வாங்குபவனுக்கு ஆகி வந்தது. இலக்கணத்தில் இது சாதாரண ஆகுபெயர். வாழ்க்கையில் அப்படி அல்ல. ஆளைப் பார்க்காமல் அவனுக்குக் கொடுக்கும் காசை மட்டும் பார்ப்பவர்கள் வைத்த ஆகுபெயர் அது. கொஞ்ச நாளில் அவன் பேசும் மொழிக்கும் அதே பெயர் வந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காகக் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே பாடப்புத்தகம் போட்டார்கள். அதில் கட்டளைகளே நிறைய. மு. நித்தியானந்தன் 2014 இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலுக்கு அதே பெயரைச் சூட்டியது சரியான செயல். நம்மை அடித்த தடியை வாங்கி நம் வீட்டு மூலையில் வைத்துக்கொள்வது போன்றது அது.

கூலியைச் சொன்னால் பேரைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் எல்லோரும் கூடும் பிரட்டுக் களத்தில் ஆள் பிரிப்பார்கள். மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, சொன்ன கிலோ நிறுத்தால் செக்ரோல் பதிவேட்டில் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். மழைநாளில் என் அம்மா கூடையை ஸ்தோப்பில் இறக்கிவைத்துவிட்டு, "இன்னிக்கு அரைப் பேருதான்டா" என்பார். இந்த வார்த்தையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன், அப்போது ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது தூக்கம் வராத இரவுகளில் நினைவுக்கு வருகிறது. முழு நாள் உழைத்த ஒரு பெண் தனக்குப் பாதிப் பேர்தான் கிடைத்தது என்று சொல்கிறாள். நம் சமூகத்துக்கு இந்த நாட்டின் பதிவேடுகளில் கிடைத்ததும் அதுதான். பேர் போடுகிறவர் வேறு ஒருவராக இருக்கும்வரை அரைப் பேர்தான் கிடைக்கும்.

1911 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலில் இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். அதற்கு முன் தமிழர் என்று ஒரே கணக்கு. பிரித்ததில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்கவில்லை, வரலாறு வேறு, வாழ்க்கை வேறு. ஆனால் 'இந்திய' என்ற அடைமொழி எதைக் குறித்தது? நேற்றுக் கப்பலில் இறங்கியவரையும், மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் புதைந்தவர்களின் பேரனையும், கொழும்பில் கடை வைத்திருந்த செட்டியாரையும், வீட்டில் தெலுங்கு பேசிய தோட்டத் தொழிலாளியையும் ஒரே சொல்லில் அடக்கியது. அந்தச் சொல்லுக்கு யாரும் வரைவிலக்கணம் கேட்கவில்லை. அரசாங்கம் வைத்த பெயர் என்பதால் கேட்கவில்லை. மக்கள் வைத்துக்கொண்ட பெயருக்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

மற்றப் பெயர்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவற்றை வாயில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. தோட்டக்காட்டான், கள்ளத்தோணி, வடக்கத்தியான். இவற்றில் சில சிங்களவர் சொன்னவை, சில தமிழர் சொன்னவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தச் சொற்களுக்காக வெட்கப்பட்டு எங்களோடு நின்றவர்கள். அதையும் சொல்ல வேண்டும்.

இனி வரைவிலக்கணத்துக்கு வருகிறேன். நம் மக்களைப் பற்றித் துல்லியமான வரைவிலக்கணம் ஒரு தடவை எழுதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். அதில் மயக்கம் எதுவும் இல்லை. 1948 நவம்பர் 15 ஆம் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருந்தால் பிரசை. அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருந்தால் பிரசை. கேட்பதற்கு எவ்வளவு தெளிவு! இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே அதில் இல்லை. இங்கே வாழ்ந்தானா, உழைத்தானா, பெற்றோரை இங்கே அடக்கம் செய்தானா என்ற கேள்வி இல்லை. லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த ஒரு தகப்பனுக்கு எந்தப் பத்திரம்? அவருடைய தகப்பனுக்கு எந்தப் பத்திரம்?

அடுத்த வருடம், 1949 இல், இன்னொரு சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். இத்தனை வருடம் இடையறாமல் இங்கே வசித்ததை நிரூபித்தால் பிரசாவுரிமை என்றது. மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து வருடம். இதிலும் மயக்கம் இல்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. நோயுற்ற தாயைப் பார்க்க ஊருக்குப் போய்வந்தது இடையறவு. கலியாணத்துக்குப் போய்வந்தது இடையறவு. 1947 தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 தேர்தலில் ஒன்றும் இல்லை, வாக்காளர்களே இல்லை. இந்தச் சட்டங்களால் ஆன காயத்தை முழுவதுமாகக் கட்ட 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் போதாமல் 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருடங்கள்.

நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்தை நாடற்றோர் ஆக்கியது தெளிவில்லாத சொல் அல்ல. மிகத் தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்துப் பார்த்து எழுதப்பட்ட வரைவிலக்கணம். ஆகவே, "முதலில் வரைவிலக்கணம், பிறகு பெயர்" என்று யாராவது நம்மிடம் சொல்லும்போது, நாம் சற்றுப் பின்வாங்கி நிற்பதில் குற்றமில்லை. சூடு கண்டவர்கள் நாம்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றோர் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு என்று வைத்தார்கள். 1974 இல் அந்த மிகுதியையும் நாட்டுக்கு 75,000 என்று பிரித்தார்கள். அந்தத் தொகைக்குள் இருந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாவலப்பிட்டி நிலையத்திலும் கம்பளை நிலையத்திலும் ரயிலின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர்கள் இந்தச் சபையில் இருக்கக்கூடும். அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றார்கள். தலைமன்னார் வரை கோச்சி, பிறகு ராமானுஜம் கப்பல். என் சித்தப்பா குடும்பமும் போனது.

அங்கே போனவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. இந்தியாவைப் பார்த்தேயிராத சின்னம்மா மகளும் 'திரும்பியவள்'. நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அங்குள்ள வாய்வழக்கில் அவர்கள் சிலோன்காரர்கள். இங்கே இருந்தபோது இந்தியத் தமிழர், அங்கே போனபின் சிலோன்காரர். எந்த நாட்டில் நிற்கிறார்களோ அந்த நாட்டின் பெயர் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பா ஒரு கடிதத்தில் 'நம்ம மலைநாட்டு ஆளுங்க இங்க நெறயப் பேரு இருக்காங்க' என்று எழுதியிருந்தார். இரண்டு அரசாங்கங்களுக்கும் தெரியாத ஒரு பெயரை அவர் கடலுக்கு அப்பாலும் கொண்டுபோயிருந்தார்.

அவர் எழுதியதைக் கவனியுங்கள், மலைநாட்டு ஆட்கள். அன்று அதுதான் வழக்கு. எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தாம் தொகுத்த நாட்டார் பாடல்களுக்கு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்றுதான் பெயரிட்டார். பழந்தமிழில் மலைநாடு என்றால் சேரநாடு. அந்தச் சொல் இங்கே புது வீடு கட்டிக்கொண்டது. பிறகு 1960களில், படித்து வந்த முதல் தலைமுறை இளைஞர்களின் பேச்சிலும் எழுத்திலும் 'மலையகம்' மேலே வந்தது. ஆசிரியர்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த சிலர், சங்கம் வைத்தவர்கள், கதை எழுதியவர்கள். கண்டியிலிருந்து 'மலைமுரசு' இதழ் வந்தது, 'செய்தி' பத்திரிகை வந்தது. 1971 இல் மலையக எழுத்தாளர்களின் பரிசுக் கதைகள் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. பின்னாளில் தெளிவத்தை ஜோசப் 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதியபோது, அந்தச் சொல்லை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது ஏற்கனவே பழகிய சொல்.

மலை என்பதோடு அகம் சேர்ந்தது ஏன் என்று யோசித்திருக்கிறேன். நாடு என்றால் எல்லை கேட்கும், ஆட்சி கேட்கும். அகம் என்றால் உள்ளிடம், வீடு, மனம். நாடில்லை என்று சொல்லப்பட்ட மக்கள் தங்கள் பெயரிலிருந்து நாட்டை எடுத்துவிட்டு வீட்டை வைத்தார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சொல் அப்படித்தான் நிற்கிறது.

இனி, வரைவிலக்கணம் கேட்பவர்களின் கேள்விகளுக்கு வருகிறேன். அவை நல்ல கேள்விகள். மலையகத் தமிழர் என்றால் மலையில் வாழ்பவரா? அப்படியானால் களுத்துறையில் இறப்பர் பால் வெட்டும் குடும்பம் யார்? தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் யார்? அங்கே மலை ஏது? தோட்டத்தில் வேலை செய்பவரா? அப்படியானால் கண்டி நகரில் கடையில் நிற்கும் இளைஞன் யார், கொழும்பில் வங்கியில் வேலை பார்க்கும் பெண் யார், உங்கள் முன் நிற்கும் நான் யார்? இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றலா? அப்படிப் பார்த்தால் மலபார் வீதிக்காரர்களையும் சேர்க்க வேண்டும். மலையில் நான்கு தலைமுறையாக வாழும், யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட தமிழர் குடும்பங்கள் கண்டியில் இருக்கின்றன. அவர்கள் மலையில் இருக்கிறார்கள், ஆனால் தங்களை மலையகத் தமிழர் என்று சொல்வதில்லை. அப்பா யாழ்ப்பாணம், அம்மா புசல்லாவைத் தோட்டம் என்றால் பிள்ளை யார்?

இடம், தொழில், வம்சம் மூன்றில் எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார், வேண்டாத யாரோ உள்ளே வருகிறார். உண்மைதான். ஆனால் இந்தக் குறை இந்தச் சொல்லுக்கு மட்டும் உரியதா? விட்கென்ஸ்டைன் என்ற தத்துவஞானி 'விளையாட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். 1953 இல், அவர் இறந்தபின் வெளிவந்த நூலில் இருக்கிறது. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒன்றைக் காட்டுங்கள் என்றார். வெற்றி தோல்வி என்றால், ஒற்றைப் பிள்ளை சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறதே, அதில் யார் வென்றது? நாம் கிளித்தட்டையும் பல்லாங்குழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றில் ஓட்டம், ஒன்றில் கணக்கு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு அப்பாவின் மூக்கு, ஒருவருக்கு அம்மாவின் நடை, ஒருவருக்குத் தாத்தாவின் கோபம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தவுடன் அந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. பல சொற்கள் அப்படித்தான் நிற்கின்றன என்றார் அவர்.

நம் இலக்கணக்காரர்களுக்கும் இது தெரியும். பெயர்களைக் காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்று பிரித்தவர்கள், இரண்டுக்கும் நடுவே காரண இடுகுறி என்று ஒன்றை வைத்தார்கள். முள்ளி என்ற செடிக்கு முள் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் முள்ளுள்ள செடியெல்லாம் முள்ளி ஆவதில்லை. காரணம் கருதிப் பார்த்தால் பொதுவாகவும், கருதாவிட்டால் அந்த ஒன்றுக்கே உரியதாகவும் நிற்கும் பெயர் அது. மலையகத் தமிழர் என்பதை நான் அந்த வகையில் வைக்கிறேன். மலை என்பது பெயர் பிறந்த காரணம், பெயருக்குப் போட்ட வேலி அல்ல. கிளிநொச்சியின் சமநிலத்தில் இருந்துகொண்டு "நாங்க மலையகத்து ஆளுங்க" என்று ஒரு தாய் சொல்வதில் பிழை எதுவும் இல்லை.

மலை என்ற சொல்லே எங்கள் வாயில் இடம் மாறியிருக்கிறது. "அம்மா எங்க?" என்றால் "மலைக்குப் போயிருக்கு" என்போம். சிகரத்துக்கு அல்ல, கொழுந்து எடுக்கும் இடத்துக்கு. ரெண்டாம் நம்பர் மலை, அஞ்சாம் நம்பர் மலை என்று தோட்டத்தைப் பிரித்து எண் போட்டிருப்பார்கள். சில மலைகள் ஏறக்குறைய சமதரை. ஹந்தானையைப் பார்த்து மலை என்று சொல்லும் சுற்றுலாக்காரரும் என் அம்மாவும் ஒரே சொல்லைச் சொல்லவில்லை. அம்மாவின் மலையில் வேலை இருந்தது, அட்டை இருந்தது, பேர் இருந்தது. மலையகம் என்பதில் உள்ள மலை அந்த மலைதான் என்பது என் எண்ணம். அதனால்தான் உயரத்தை அளந்து பார்த்து அந்தச் சொல்லை மடக்க முடிவதில்லை.

சரி, வேலி இல்லாவிட்டால் யார் தீர்மானிப்பது? அந்தப் பெயரைத் தன்னுடையது என்று சொல்பவரும், அவரைத் தம்மவர் என்று ஏற்கும் மக்களும். இந்த இரண்டும் போதும். இத்தனை வருடங்களாக நடப்பதும் அதுதான். தோட்டத்துக் காமன் கூத்துத் திடலில் யாரும் பத்திரம் கேட்பதில்லை.

இந்தப் பெயரை ஏற்காத நம்மவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் மதிக்க வேண்டும். இந்திய வம்சாவளித் தமிழர் என்ற பெயரை விட்டால் இந்தியாவின் பிடிமானம் போய்விடும் என்கிறார்கள் சிலர். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பத்தாயிரம் வீடுகள் அறிவித்ததை நினைவுபடுத்துகிறார்கள். வீடு பெரிய விஷயம். லயத்தில் பிறந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் உறவு பெயரில் இல்லை. பூர்வீகத்தைச் சொல்வதற்கும் அடையாளத்தைச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. என் பாட்டனார் வந்த இடம் திருச்சிப் பக்கம் என்று பெருமையோடு சொல்வேன். நான் யார் என்று கேட்டால் அதைச் சொல்லமாட்டேன்.

வேறு சிலர், பேசாமல் இலங்கைத் தமிழர் என்று எழுதிவிடுவோம், இந்த நாட்டுக்குரியவர்கள் என்பது நிலைநாட்டப்படும் என்கிறார்கள். என் அண்ணன் அந்தப் பக்கம். இந்த வாதத்தில் வலிமை இருக்கிறது. பயமும் இருக்கிறது. 1983 ஐக் கண்டவர்களுக்கு எந்தப் பெட்டி பாதுகாப்பு என்பது சின்னக் கேள்வி அல்ல. நான் அண்ணனிடம் சொன்னது இதுதான்: எண்ணிக்கையில் கரைந்துவிட்டால், காணி இல்லாதவர்கள், முகவரி இல்லாதவர்கள், நாட்சம்பளத்தில் அரைப் பேர் வாங்குபவர்கள் இத்தனை பேர் என்று யாரிடம் எப்படிக் காட்டுவோம்? 2012 தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் 839,504 பேர், நாட்டின் சனத்தொகையில் 4 வீதத்துக்குச் சற்று மேல். 2024 தொகைமதிப்பில் 3 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்தப் பன்னிரண்டு வருடங்களில் கப்பலேறி யாரும் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போனோர் இருக்கலாம், பிறப்பு குறைந்திருக்கலாம். ஆனால் பெரும்பகுதி பெட்டி மாறிய கணக்கு என்றே நான் நினைக்கிறேன். மனிதர்கள் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்த 2024 தொகைமதிப்பின் அறிக்கையில் ஒரு மாற்றம் உண்டு. 'இந்தியத் தமிழர்' என்று தனியாக நின்ற இடத்தில், ஒரு சாய்கோடு போட்டு அதன் மறுபுறம் 'மலையகத் தமிழர்' என்றும் வந்திருக்கிறது. 1911 இலிருந்து நூறு வருடங்களுக்கு மேல் காத்திருந்து கிடைத்த சாய்கோடு. நான் அதைச் சிறிதாக நினைக்கவில்லை. நாம் வைத்த பெயர் அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறியிருக்கிறது, யாரும் வரைவிலக்கணம் எழுதிக் கொடுக்காமலே ஏறியிருக்கிறது. ஆனால் அது இன்னும் அரைப் பேர்.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 2007 இலிருந்து இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் பார்த்து, அவற்றின் பெயர்களை உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிவையுங்கள். கொஞ்சக் காலத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

மற்றது, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை வெளியே எடுங்கள். இனம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதை எழுதியது யார், நாம் நம்மை எப்படிச் சொல்கிறோம் என்றும் சொல்லிக்கொடுங்கள். கலஹாவிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.